வெயில் மணி பன்னிரண்டு இருபது

அன்றைய முதல் நோயாளிக்குப் பல் பிடுங்குவதற்காக மருத்துவர் இசக்கியம்மாள் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, வானொலி அறையிலிருந்து ரஹீமா ஓடி வந்தாள். வந்த வேகத்தில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். செவ்வாயில் உடம்பு எடை குறைவு. அவசரமாக ஓடுகிறவர்கள் எங்காவது போய் இடித்துக்கொள்வது அங்கே வழக்கம்தான்.

“டாக்டரக்கா, அவங்க உசிரோட இருக்காவ. செய்தி வந்திருக்கு.”

இசக்கி ஊசியைத் தட்டில் வைத்தாள். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தவரே கையசைத்து அவளைப் போகச் சொன்னார். நாலு நாளாக ஊரில் யாருக்கும் வேறு பேச்சு இல்லை.

புதுக்கொற்கை, செவ்வாயின் நடுக்கோட்டை ஒட்டிய சிறு குடியிருப்பு. அறுநூறு பேர். தூத்துக்குடி, திருச்செந்தூர், நெல்லைப் பக்கத்திலிருந்து போனவர்களும் அங்கேயே பிறந்தவர்களும். ஊர் கூரைக்குக் கீழே இருந்தது. ஆனால் காற்று, தண்ணீர், சோறு எல்லாவற்றுக்கும் வேண்டிய மின்சாரம் வெளியே விரித்திருந்த சோலார் பேனல்களிலிருந்துதான் வந்தது. அவற்றில் படியும் தூசியைத் துடைக்க நாற்பது பேர் தினமும் காலையில் கவச உடை மாட்டிக்கொண்டு வெளியே போவார்கள்.

ஐந்து நாளைக்கு முன் வடக்கே இருந்த ஒரு வானொலிக் கோபுரத்தைப் பழுது பார்க்க ஒரு வண்டி கிளம்பியது. அதில் இரண்டு பேர். ஊரின் மணியைக் காக்கிறவரும் வழிகாட்டியுமான ஜெர்வாஸ் மச்சாது ஒருவர். கோபுரத்தின் பேனல்களைத் துடைத்து மாட்டுவதற்காகப் போன குருவம்மா மற்றவள். மறுநாளே சூரியனில் பெரிய வெடிப்பு. வானத்தில் இருந்த இரண்டு வழிகாட்டும் செயற்கைக்கோள்களும் ஊமையாகிவிட்டன. வண்டிக்குள் இருந்த வழிகாட்டும் கருவிகளும் செத்திருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். செவ்வாயில் காந்த ஊசி திசை காட்டாது. அதற்கு மேல் மூன்று நாள் தூசிப் புயல் வேறு.

வானொலி அறையில் திரையில் நின்ற எழுத்துகளை இசக்கி ஒருமுறைக்கு இருமுறை படித்தாள்.

‘அச்சு முறிஞ்சி வண்டி நிக்கி. வழி தெரியல. சூரியன் உச்சிக்கு வந்தது மணி 12.20. உச்சி நிழல் நம்ம ஊர்ல விழுத அளவே விழுது. காத்து நாளைக்குப் பொழுது அடையித வரைக்கும்தான். இப்ப பொழுது அடையுது. சின்ன நிலா நேர் தலைக்கு மேல நிக்கி, பாதியா’

அதோடு அறுந்திருந்தது.

“எப்ப அனுப்பினது?”

“நேத்து சாயங்காலம். அந்தப் பழைய செயற்கைக்கோள் ஒண்ணு சுத்திக்கிட்டுக் கெடக்குல்லா, அது வாங்கி வச்சி, இப்ப நம்ம தலைக்கு மேல வரும்போது கொட்டிட்டுப் போயிருக்கு. எங்க இருந்து வாங்குச்சின்னு சொல்ல அதுக்குத் தெரியாது.”

“அப்ப ‘நாளைக்குப் பொழுது அடையித வரைக்கும்’னா, இன்னைக்கு.”

“இன்னைக்குத்தான்.”

தலைவர் கோமதிநாயகம் அதற்குள் வந்துவிட்டார். அறுபதைத் தொட்டவர். எதற்கும் குரலை உயர்த்தாதவர். அவர் கையோடு கொண்டுவந்த வரைபடத்தை மேசையில் விரித்தார்.

“நிழல் நம்ம ஊர் அளவேன்னா, நமக்கு வடக்கேயும் இல்லை, தெற்கேயும் இல்லை, நேராத்தான் இருக்காங்க. புயல்ல கண்ணு தெரியாம தெற்கே திரும்பி வந்திருக்காங்க, ஊரைத் தவறவிட்டுட்டாங்க,” என்று படத்தில் ஊரின் வழியாகக் கிழக்கு மேற்காக ஒரு கோடு போட்டார். “இந்தக் கோட்டு மேல எங்கேயோ நிக்கிறாங்க. கிழக்கேயா மேற்கேயாங்கறதுதான் கேள்வி.”

“அதுக்குத்தானே உச்சி மணி அனுப்பியிருக்காவ,” என்றாள் இசக்கி.

“எந்த மணி, டாக்டர்?”

அந்தக் கேள்வி அவளை நோக்கித்தான் வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்.

புதுக்கொற்கையில் இரண்டு மணி உண்டு. தொடக்கத்தில் ஒன்றுதான் இருந்தது. ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடும் கடிகாரம். அதைச் சராசரி மணி என்பார்கள். ஆனால் சூரியன் அந்தச் சீருக்குக் கட்டுப்படுவதில்லை. செவ்வாய் ஓடும் பாதை நீள்வட்டம். சூரியனை நெருங்கும்போது அது வேகமாக ஓடும், விலகும்போது மெதுவாகப் போகும். அதனால் சில மாதங்களில் சூரியன் கடிகாரத்துக்கு முன்னால் வந்துவிடும், சில மாதங்களில் பிந்தி வரும். பூமியில் இந்த வித்தியாசம் ஏறத்தாழ கால் மணி நேரம்தான். யாரும் கவனிக்க மாட்டார்கள். செவ்வாயில் முக்கால் மணி நேரத்தையும் தாண்டும்.

சூரியன் பிந்தி வரும் மாதங்களில், பொழுது விடியும் முன்பே காலை வேலை மணி அடித்துவிடும். பேனல் துடைக்கிறவர்கள் இருட்டிலும், பூமியில் எவரும் கண்டிராத குளிரிலும் வெளியே போனார்கள். இரண்டு வருடம் முன்பு குருவம்மாவின் இடது கையில் கையுறைச் சூடேற்றி நின்றுபோய், விரல் இரண்டு கறுத்துவிட்டன. அவற்றை எடுத்தது இசக்கிதான். எடுத்த கையோடு அவள் ஊர்ச் சபையில் போய் நின்றாள். சூரியன் உச்சிக்கு வருவதுதான் பன்னிரண்டு என்று ஊர் மணியை மாற்ற வேண்டும் என்றாள். மாதக்கணக்கில் பேச்சு நடந்தது. கடைசியில் வாக்கெடுப்பில் ஜெயித்தாள். அன்றுமுதல் ஊர்க் கடிகாரங்கள் எல்லாம் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தப்பட்டு, சூரியனோடு சேர்ந்து ஓடின. அதுதான் வெயில் மணி. குளிரில் விரல் போகிற கதை அதோடு நின்றது.

அதை முழுமூச்சாக எதிர்த்தவர் ஒரே ஆள், மச்சாது. “வெயிலுக்கு ஏத்தபடி ஆள் வேலையை மாத்துங்க, வேண்டாங்கல. மணியைத் தொடாதீய. வழி தவறினவனுக்கு மணிதான் கயிறு. அந்தக் கயிறு ரெண்டா இருந்தா எதைப் பிடிச்சி வருவான்?” என்று சபையில் கேட்டார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கோமதிநாயகம் இப்போது விரலால் படத்தைத் தொட்டார். “வெயில் மணிப்படி பன்னிரண்டு இருபதுன்னா, சூரியன் நம்ம உச்சியைத் தாண்டிப் போயி, இருபது நிமிஷம் கழிச்சு அவங்க உச்சிக்குப் போயிருக்கு. அப்ப அவங்க மேற்கே. சராசரி மணிப்படின்னா, இந்த மாசம் நமக்கு உச்சி வர்றதே பன்னிரண்டு நாற்பதுக்குத்தான். அவங்களுக்கு இருபது நிமிஷம் முந்தியே வந்திருக்கு. அப்ப கிழக்கே.”

“எவ்வளவு தூரம்?”

“ஒரு நிமிஷ வித்தியாசத்துக்குப் பதினஞ்சு கிலோமீட்டர். ரெண்டு பக்கமும் முந்நூறு.”

தூரம் போகிற வண்டி ஊரில் இன்னும் ஒன்றுதான் மிச்சம். ஒரு பக்கம் போய்த் திரும்பத்தான் அதன் மின்சாரமும் காற்றும் போதும். முந்நூறு கிலோமீட்டருக்கு முழுப் பகலும் வேண்டும்.

“அந்த ஓட்டு ஜெயிக்காம இருந்தா, இப்ப இந்தக் கேள்வியே வந்திருக்காது,” என்றார் கோமதிநாயகம். குற்றம் சாட்டும் குரலில் இல்லை. அதனாலேயே அது இன்னும் ஆழமாக இறங்கியது.

இசக்கி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “சார், மச்சாது அண்ணாச்சி கையில கட்டியிருக்கது சராசரி மணிதான். ஓட்டு எண்ணி முடிச்ச அன்னைக்கு என் முகத்துக்கு நேரா கையை நீட்டி, ‘நான் சாவுற வரைக்கும் இதைத் திருப்ப மாட்டேன்’னாவ. ஊரே அவுக கடியாரத்தைக் கேலி பண்ணுது. அவுக மாத்தல. மாத்தவும் மாட்டாவ.”

“அப்ப கிழக்கே.”

“கிழக்கேதான். நானே போறேன். வண்டி ஓட்ட பால்துரை வரட்டும்.”

அரை மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டது. பால்துரை ஊரிலேயே நல்ல ஓட்டுநர். கல்லும் பள்ளமுமான தரையில் மற்றவர்கள் இருபதில் போகும் இடத்தில் அவன் நாற்பதில் போவான். எதிரே சூரியன் சிறியதாக, வெள்ளைக் காசுபோல ஏறிக்கொண்டிருந்தது. தூசி இறங்கியபின் வானம் சுத்தமாக இருந்தது. இசக்கிக்குப் பயமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. நாலு நாளாகச் செத்துப்போனவர்களாக நினைத்திருந்த இரண்டு பேர் இந்த வெளியில் எங்கோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“பத்து கிலோமீட்டர் முந்தியே அவங்க கண்ணுல பட்டிருவாங்களா டாக்டர்?” என்றான் பால்துரை.

“மேடு இல்லாம இருந்தா.”

“முன்னால ஒரு பெரிய மேடு வருது. அதைத் தாண்டினா ஊரோட பேச முடியாது. எதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிருங்க.”

அவள் வானொலியை எடுக்கக் கை நீட்டியபோது அதுவே கூப்பிட்டது.

“டாக்டரக்கா, வண்டியை நிறுத்துங்க.” ரஹீமாவுக்கு மூச்சு வாங்கியது. “மேட்டைத் தாண்டிராதீய. நிறுத்துங்க.”

பால்துரை நிறுத்தினான்.

“அந்தக் கடைசி வரி, அக்கா. சின்ன நிலா நேர் தலைக்கு மேல நிக்கின்னு. அதை நாம யாரும் கணக்குலயே எடுக்கல. ஏதோ மனசு பேதலிச்சி எழுதினதுன்னு விட்டுட்டோம். எனக்கு மட்டும் அது உறுத்திக்கிட்டே இருந்துச்சி. இப்ப போட்டுப் பாத்துட்டேன். அவங்க கிழக்கே இல்ல. மேற்கே.”

செவ்வாயைச் சுற்றும் நிலவுகளில் பெரியது போபோஸ். பூமியின் நிலாவைவிடச் சிறிதாகத் தெரிவதால் ஊரார் அதைச் சின்ன நிலா என்பார்கள். சூரியனைப்போல அது கிழக்கே எழுவதில்லை. செவ்வாய் சுழல்வதைவிட வேகமாக ஓடுவதால் மேற்கே எழுந்து, சுமார் நாலு மணி நேரத்தில் வானத்தைக் கடந்து கிழக்கே விழும்.

“அதை எப்படிச் சொல்லுதே?” என்றாள் இசக்கி.

“பொழுது அடையிற நேரம்னு எழுதியிருக்காவ. சூரியன் காட்டுறது அவங்க நிக்கிற எடத்தோட நேரம். அதுக்குக் கடியாரம் வேண்டாம். சின்ன நிலா ஓடுற ஓட்டம் செவ்வாய் முழுசுக்கும் ஒண்ணு. அது எந்த நிமிஷம் எங்க நிக்கும்னு என்கிட்டக் கணக்கு இருக்கு. அது பொதுவான மணி. அந்த எடத்து நேரத்தையும் பொது நேரத்தையும் பக்கத்துல வச்சா, எடம் வந்துருது. நடுவுல யாரோட கடியாரமும் வேண்டாம் அக்கா. வெயில் மணியும் வேண்டாம், சராசரி மணியும் வேண்டாம்.”

“கிழக்கே இருந்தா என்ன தெரிஞ்சிருக்கும்?”

“நேத்து கிழக்கே பொழுது அடையும்போது சின்ன நிலா மேற்குல பாதி வானம்தான் ஏறியிருக்கும். மேற்கே முந்நூறு கிலோமீட்டர்ல பொழுது அடையும்போதுதான் நேர் உச்சி.”

இசக்கி கண்ணாடி வழியே மேட்டைப் பார்த்தாள். “ரஹீமா, நாம பாதி வானத்துல இருக்கதையும் தலைக்கு மேலன்னுதானே சொல்லுவோம்? உசிருக்குப் போராடுதவன் அளந்தா எழுதுவான்?”

“அதையும் யோசிச்சேன். அந்த வண்டியில பக்கத்துச் சன்னல் எல்லாம் குட்டை. பாதி வானத்துல இருந்தா பக்கத்துச் சன்னல்ல தெரியும். நேர் தலைக்கு மேல இருந்தாத்தான் கூரைக் கண்ணாடியில தெரியும். படுத்துக்கிட்டுப் பாத்திருக்காவ.”

அப்போது வேறொரு குரல் குறுக்கே வந்தது. கோமதிநாயகம். “டாக்டர், நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ரஹீமா கணக்கு சரியா இருக்கலாம். ஆனா ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு வண்டியைத் திருப்ப முடியாது. மச்சாது என்ன கடிகாரம் கட்டியிருக்கார்னு நமக்கு நிச்சயமாத் தெரியும். நீங்கதான் சொன்னீங்க. கிழக்கேயே போங்க. இது என் உத்தரவு.”

“சார், திரும்பினா மறுபடி இந்தப் பக்கம் வர முடியாதுல்லா?”

“முடியாது. அதனாலதான் சொல்றேன்.”

பால்துரை அவளையே பார்த்தான்.

இசக்கி கண்ணை மூடினாள். ஒரு பக்கம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மனிதரின் பிடிவாதம். மாதக்கணக்கில் அவரோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். அவர் எந்த வார்த்தைக்கு எந்த வார்த்தை சொல்வார் என்பதுகூட அவளுக்குத் தெரியும். மறுபக்கம் வானத்தில் ஓடும் ஒரு கல்லுருண்டை. அதற்குச் சபையும் இல்லை, ஓட்டும் இல்லை. மச்சாது மனம் மாறியிருக்க முடியாது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நிலா இடம் மாறியிருக்கவே முடியாது.

“சார், நான் மச்சாது அண்ணாச்சியைப் பத்தித் தப்பா நினைச்சிருக்கலாம்,” என்றாள். “நிலாவைப் பத்தி ரஹீமா தப்பா நினைச்சிருக்க வழி இல்ல. நான் திரும்புதேன்.” பிறகு பால்துரையிடம், “திருப்பு” என்றாள்.

அவன் அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவன்போல வண்டியைச் சுழற்றினான். எழுந்த தூசி மெல்ல, மிக மெல்ல இறங்கியது.

ஊரைத் தாண்டும்போது கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் கூட்டம் நின்றது. கோமதிநாயகம் கோபத்தில் தொடர்பையே அறுத்துவிட்டார் என்று இசக்கி நினைத்தாள். ஊரின் மேற்கு வாசலை நெருங்கியபோது அவர் பேசினார்.

“வாசல்ல ரெண்டு காற்று சிலிண்டர் வச்சிருக்கு. பழைய மின்கலம் ஒண்ணும் இருக்கு. நிறுத்தி ஏத்திக்கிட்டுப் போங்க.”

“சார்.”

“ஏத்துங்க முதல்ல. நின்னு பேச நேரம் இல்லை.”

ஏற்றினார்கள். மறுபடி ஓட்டம். இப்போது சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்து மெல்லத் தலைக்கு மேல் வந்தது, பிறகு முன்னால் சரிய ஆரம்பித்தது. வறண்ட ஆற்றுத்தடம்போல ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற ஒரு மணி நேரம் போயிற்று. ஒரு சக்கரம் கல்லிடுக்கில் சிக்கியபோது இருவரும் இறங்கிக் கையாலேயே கல்லைப் புரட்டினார்கள். வண்டிக்குள் ஏறியதும் பால்துரை சிரித்தான்.

“எதுக்குலே சிரிக்கே?”

“ஒண்ணும் இல்ல டாக்டர். நீங்க பல்லு புடுங்கும்போது பாத்திருக்கேன். அதே மூஞ்சி.”

அவளும் சிரித்துவிட்டாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

முந்நூறு கிலோமீட்டர் ஓடி முடித்தாயிற்று. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை துருப்பிடித்த நிறத்தில் கல்லும் மணலும். வண்டியைப் போன்ற ஒன்றும் தெரியவில்லை. கணக்கில் இருபது முப்பது கிலோமீட்டர் பிசகு இருக்கலாம் என்று ரஹீமா சொல்லியிருந்தாள். அதற்கு மேல் அவளோடு பேச முடியாத தூரத்துக்கு வந்துவிட்டார்கள்.

“இன்னும் மேற்கே போ,” என்றாள் இசக்கி.

சூரியன் அடிவானத்தை நெருங்கியது. அதைச் சுற்றி வானம் நீலமாக மாறிக்கொண்டிருந்தது. செவ்வாயில் பொழுது அடையும்போது வரும் நீலம். மற்ற நாளாயிருந்தால் அதைப் பார்க்கவே ஆட்கள் சன்னலுக்கு வருவார்கள்.

“டாக்டர், அங்க பாருங்க.”

வலப்பக்கம், வெகுதூரத்தில், தரையோடு தரையாக ஒரு வெளிச்சம். கண்ணைக் குத்துகிற வெளிச்சம். சூரியன் வேறெங்கோ இருந்தது. இது அதன் பிரதிபலிப்பு. மூன்று நாள் புயல் அடித்து ஓய்ந்த செவ்வாயில் பளபளக்கிற பொருள் எதுவும் மிச்சம் இருக்க வாய்ப்பில்லை. எல்லாவற்றின்மேலும் தூசி ஒரு விரல் தடிமனுக்குப் படிந்திருக்கும். யாராவது துடைத்திருந்தால் ஒழிய.

“பேனல்,” என்றாள் இசக்கி. “வண்டிக் கூரையில இருக்க பேனல். துடைச்சி வச்சிருக்காவ. போ, போ.”

பால்துரை அன்று ஓட்டியதைப்போல அதற்குப் பிறகு ஒருநாளும் ஓட்டவில்லை.

இரண்டு வண்டிகளின் வாசலையும் பொருத்திக் கதவைத் திறந்தபோது உள்ளே காற்று கனத்திருந்தது. மச்சாது தரையில் மல்லாந்து கிடந்தார். நெற்றியில் கட்டு. மூச்சு இருந்தது. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு குருவம்மா உட்கார்ந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. இசக்கி சிலிண்டரைத் திறந்து முதலில் அவள் முகத்தில் வைத்தாள். குருவம்மா தலையை ஆட்டி மச்சாதுவைக் காட்டினாள். “அவுகளுக்கு மொதல்ல.”

“ரெண்டு இருக்கு. நீ வாங்கு.”

கொஞ்ச நேரத்தில் இருவர் முகத்திலும் நிறம் திரும்பியது. இசக்கி மச்சாதுவின் கண்மணிகளைப் பார்த்தாள். மண்டையில் அடி, ஆனால் பிழைத்துக்கொள்வார். அவர் இடது கையில் அந்தப் பழைய கடிகாரம் சீராக ஓடிக்கொண்டிருந்தது. சராசரி மணிதான். இசக்கி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். மேற்கே வந்தது சரி. அப்படியானால் செய்தியில் இருந்த மணி வெயில் மணி. ஆனால் இவர் கையில் இருப்பது அது இல்லை.

“என்னைக்கு அடிபட்டுச்சி இவுகளுக்கு?”

“முந்தாநேத்து, டாக்டரம்மா. அச்சு முறியும்போது தலை போய் இடிச்சிட்டு. அப்ப இருந்து இப்படித்தான். நடுவுல ஒரு தடவை முழிச்சாவ. ‘சூரியன் உச்சிக்கு வாறதைப் பாரு, மணியைக் குறி, நிழலை அளந்து பாரு, பொழுது அடையும்போது வானத்துல என்ன தெரியிதோ எல்லாத்தையும் எழுது’ன்னாவ. திரும்ப மயங்கிட்டாவ. கணக்கு எல்லாம் எனக்கு எங்க தெரியும்? சொன்னதைச் செஞ்சேன்.”

“நீயா எழுதினே?”

“ஆமா.” குருவம்மா மூன்று விரல் மிஞ்சிய இடது கையை நீட்டினாள். மணிக்கட்டில் ஊரில் எல்லாரும் கட்டியிருக்கிற சாதாரணக் கடிகாரம். “இதைப் பாத்துத்தான்.”

“இவுக கையிலயும் ஒண்ணு ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சி, அதைப் பாக்கலையா?”

“பாத்தேன். அது தப்பா ஓடுதுன்னுதான் ஊரே சொல்லுமே டாக்டரம்மா. அதான் என் மணியைப் போட்டேன்.”

பால்துரை சிரிப்பை அடக்கமுடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இசக்கிக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அது நின்றது.

காலையில் அந்த அறையில் மேசையைச் சுற்றி நின்று எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. மச்சாது கையில் என்ன கடிகாரம்? மச்சாதுவின் பிடிவாதம், மச்சாதுவின் சபதம், மச்சாது மாறுவாரா மாட்டாரா. வண்டியில் இன்னொரு கை இருந்தது. அந்தக் கையின் விரல்களை எடுத்தவளே அவள்தான். அந்தக் கைக்காகத்தான் ஊர் மணியையே மாற்றச் சொல்லிச் சண்டை போட்டாள். இன்று காலையில் அந்தக் கை அவள் நினைவுக்கு வரவில்லை.

“செய்தியை நீ எழுதியிருப்பேன்னு எங்களுக்குத் தோணவே இல்ல குருவம்மா,” என்றாள். “அதனால முதல்ல கிழக்கே போயிட்டோம்.”

குருவம்மாவுக்கு அது சரியாக விளங்கவில்லை. “வண்டியில நாங்க ரெண்டு பேருதானே இருந்தோம்,” என்றாள்.

இசக்கி மச்சாதுவின் கட்டை அவிழ்த்து, காயத்தைத் துடைத்து, புதிதாகக் கட்டுப் போட்டாள். பால்துரை பழைய மின்கலத்தை இறக்கி அந்த வண்டியின் வானொலிக்கு இணைப்புக் கொடுத்தான். ஒரு பச்சை விளக்கு எரிந்தது. பழைய செயற்கைக்கோள் இன்னும் சற்று நேரத்தில் தலைக்கு மேல் வரும். விடிவதற்குள் ஊருக்குச் செய்தி போய்விடும். கோமதிநாயகம் இன்று தூங்கமாட்டார் என்று இசக்கிக்குத் தெரியும்.

“குருவம்மா, செய்தியை நீயே எழுது.”

“நீங்க எழுதுங்க டாக்டரம்மா. உங்களுக்கு எழுத வரும்.”

“உனக்கும்தான் வருது. நேத்து எழுதினதை வச்சித்தானே வந்தோம். எழுதுதது யாருன்னு மொதல்ல போடு. அப்புறம் எந்த மணின்னும் போடு.”

குருவம்மா விசைப்பலகையை மடியில் இழுத்துக்கொண்டாள். ஒரு விரலால் தட்டி, ஒவ்வொரு எழுத்தையும் திரையில் சரிபார்த்துக்கொண்டே போனாள்.

‘குருவம்மா எழுதுதேன். ரெண்டு பேரும் உசிரோட இருக்கோம். டாக்டரம்மாவும் பால்துரையும் வந்துட்டாவ. வெயில் மணி 6.35.’

“சராசரி மணியையும் போடுளா,” என்று தரையிலிருந்து ஒரு குரல் வந்தது. மச்சாது கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

குருவம்மா இசக்கியைப் பார்த்தாள். இசக்கி தலையசைத்தாள். குருவம்மா குனிந்து அவர் கையைத் தூக்கிப் பிடித்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு இன்னொரு வரி சேர்த்தாள்.

‘மச்சாது அண்ணாச்சி மணி 7.15. அதுவும் சரியாத்தான் ஓடுது.’